நெல்லும் பதரும்: மார்பகப் புற்றுநோய் பற்றி இணையத்தில் தேடுவோருக்கு



ஓர் ஊரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு, எந்தக் காரியத்தை யாரிடம் கேட்பது என்பது தெரிந்திருக்கும். மாட்டுக்கு வருத்தமென்றால் ஒருவர், கிணறு வெட்ட இடம் பார்க்க ஒருவர், பெண்கள் வெளியில் சொல்லத் தயங்கும் நோயென்றால் அயலிலுள்ள ஓர் ஆச்சி. இடப்பெயர்வு நமது வீட்டையும் காணியையும் மட்டும் பறிக்கவில்லை. கேட்டறிந்து கொள்ளும் இந்த வழிகளையும் கலைத்துப் போட்டது. இரண்டு மூன்று இடங்களில் குடியிருந்து, அயலவர் யாரென்றே சரியாகத் தெரியாத நிலையில் வாழும் ஒரு தாய், தன் மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுவதை உணர்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வாள்?

அந்த வெற்றிடத்தில் இன்று கைத்தொலைபேசி வந்து அமர்ந்திருக்கிறது. அதற்கு வெட்கப்படத் தேவையில்லை. இரவு பிள்ளைகள் உறங்கிய பின் இரண்டு சொற்களை எழுதித் தேடினால் நூறு பதில்கள் வருகின்றன. இது தவறான காரியமல்ல. தன் உடலைப் பற்றித் தானே அறிய முயல்வது நல்லதே. ஆனால் சூடடித்த களத்தில் நெல்லும் பதரும் கலந்து கிடப்பதைப் போல, அந்த நூறு பதில்களிலும் இரண்டும் கலந்தே கிடக்கின்றன. தூற்றாமல் அள்ளிக்கொண்டு போவோர் ஏமாந்து போவர். இக்கட்டுரை தூற்றும் முறையைப் பற்றியது.

முதலில் சில அடிப்படை உண்மைகள்

இணையத்தில் தேடப் புகுமுன் நோயைப் பற்றிச் சில செய்திகளைக் கையில் வைத்திருப்பது நல்லது. சொல்லப்படுவது சரியா பிழையா என்று ஒத்துப் பார்க்க அவை உதவும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் 23 இலட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அவ்வாண்டில் 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இந்நோயால் இறந்தனர். நம் நாட்டிலும் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. ஆண்களுக்கும் இது வரலாம். நோயாளர் நூறு பேரில் ஒருவரோ அதற்கும் குறைவாகவோ ஆண்களாக இருக்கின்றனர். "எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லையே" என்று ஆறுதல் கொள்வோர் பலர். ஆனால் பெண்ணாக இருப்பதும் வயது ஏறுவதும் தவிர வேறு எந்தக் குறிப்பான காரணமும் இல்லாதவர்களிடமே ஏறத்தாழ அரைப்பங்கு மார்பகப் புற்றுநோய்கள் தோன்றுகின்றன.

மார்பில் தட்டுப்படும் கட்டிகளில் பத்தில் ஒன்பது புற்றுநோய் அல்ல. ஆகவே கட்டி என்றதும் கலங்கிப் போகத் தேவையில்லை. ஆயினும் அந்த ஒன்பதில் நம்முடையது அடங்குமா என்பதைக் கைத்தொலைபேசி சொல்லாது. கையால் தடவிப் பார்க்கும் அயலவரும் சொல்ல முடியாது. வைத்தியரின் பரிசோதனை, ஸ்கான் அல்லது மமோகிராம், தேவைப்படின் ஊசியால் எடுக்கும் சிறு துணுக்கு ஆகியவையே சொல்லும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் இவை: மார்பிலோ கக்கத்திலோ கட்டி அல்லது தடிப்பு, ஒரு மார்பின் அளவோ வடிவமோ மாறுதல், தோல் குழிவிழுதல் அல்லது தோடம்பழத் தோல் போலச் சொரசொரப்பாதல், சிவந்து போதல், முலைக்காம்பு புதிதாக உள்ளிழுத்துக் கொள்ளுதல், பால் கொடுக்காத காலத்தில் காம்பிலிருந்து இரத்தமோ நீரோ கசிதல். தொடக்கத்தில் பெரும்பாலும் நோவு இருக்காது. "நோகவில்லை, ஆகவே பயமில்லை" என்ற நமது வழக்கமான கணக்கு இங்கே பிழைத்து விடுகிறது.

நோய் முன்கூட்டியே கண்டறியப்பட்டு முழுச் சிகிச்சையும் கிடைக்கும் செல்வந்த நாடுகளில், நூறு பேரில் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கின்றனர். இந்தியாவில் அத்தொகை 66 என்றும், தென்னாபிரிக்காவில் 40 என்றும் உலக சுகாதார நிறுவனம் குறிப்பிட்டுள்ளது. நோய் ஒன்றுதான். காலம் தாழ்த்துவதும் சிகிச்சை கிடைப்பதும் கிடையாததுமே இந்த வேறுபாட்டுக்குப் பெருங்காரணம். இணையத்தில் கிடைக்கும் பிழையான தகவல் நமக்குச் செய்யும் முதற் கேடும் இதுதான். அது நமது நாட்களைத் தின்றுவிடுகிறது.

பதர் எவ்வளவு?

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மார்பகம், நுரையீரல், குடல், ஆண்களின் புரொஸ்ரேற் சுரப்பி ஆகிய நான்கு புற்றுநோய்களைப் பற்றிச் சமூக ஊடகங்களில் மிக அதிகமாகப் பகிரப்பட்ட 200 கட்டுரைகளைப் புற்றுநோய் நிபுணர்களிடம் கொடுத்துச் சரிபிழை பார்க்கச் செய்தனர். அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிழையான தகவலைக் கொண்டிருந்தது. அந்தப் பிழையான கட்டுரைகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் நோயாளிக்குத் தீங்கு விளைவிக்கக் கூடியவை. இன்னொன்றையும் அவர்கள் கண்டனர். சரியான கட்டுரைகளை விடப் பிழையானவற்றுக்கே மக்களின் ஈடுபாடு கூடுதலாக இருந்தது. பதர் இலேசானது, காற்றில் அதுதான் தூரம் போகும்.

தீங்கு என்றால் எவ்வளவு தீங்கு? 2018இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. பரவாத நிலையில் இருந்த புற்றுநோய்க்கு வைத்தியசாலைச் சிகிச்சையைத் தவிர்த்து மாற்று முறைகளை மட்டும் நம்பியவர்களையும், வழமையான சிகிச்சை பெற்றவர்களையும் அவர்கள் ஒப்பிட்டனர். மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை, மாற்று முறையை மட்டும் நம்பியவர்கள் இறக்கும் ஆபத்து ஐந்து மடங்குக்கும் மேலாக இருந்தது.

நமது ஊர்களில் வட்ஸ்அப் வழியாகச் சுற்றிவரும் செய்திகளில் ஒன்று முள்ளு அன்னமுன்னா பற்றியது. சிங்களத்தில் கட்டு அனோதா என்பார்கள். அதன் இலைக் கசாயம் புற்றுநோயைக் கொன்றுவிடும் என்பது செய்தி. இதில் ஒரு மணி உண்மையும் உண்டு. ஆய்வுகூடத்தில், கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுநோய்க் கலங்களை அதன் சாறு கொன்றிருக்கிறது. ஆனால் தட்டில் உள்ள கலத்தைக் கொல்லும் பொருட்கள் எத்தனையோ உள. மனிதரில் அது நோயைக் குணப்படுத்தியதற்கு நம்பத்தகுந்த சான்று கிடையாது. மாறாக, அதிகமாக உட்கொண்டால் நரம்புகளைப் பாதிக்கலாம் என்ற அச்சம் உண்டு. பழத்தை உண்பதற்குத் தடையில்லை. அதை நம்பி வைத்தியசாலைத் திகதியைத் தவறவிடுவதே ஆபத்து.

மற்றொன்று, "ஊசி குத்தினால் நோய் பரவும்" என்பது. இதனால் விளைந்த ஒன்றை இங்கே சொல்வது பொருந்தும். இடம்பெயர்ந்து உறவினரின் காணியில் குடியிருந்த ஒரு தாய்க்குக் கட்டி தெரிந்தது. மகள் தொலைபேசியில் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அம்மா, ஊசியால எடுத்துப் பாத்தா உடம்பெல்லாம் பரவுமாம் எண்டு இதில ஒரு ஆள் சொல்லுறார்."

"அப்ப பொறு பிள்ளை. வெங்காயம் கிண்டி முடியட்டும், பிறகு பாப்பம்."

வெங்காயம் கிண்டி முடிந்தது. அடுத்த நடுகையும் வந்தது. ஏழு மாதங்கள் கழித்து, வேறொரு காரியமாக வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தரிடம்தான் அந்தத் தாய் வாய் திறந்தார். அந்தப் பெண்மணி கோபிக்கவில்லை. ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"அக்கா, உதைச் சொன்ன ஆள் ஆர்? டொக்டரோ, மருந்து விக்கிறவரோ?"

மகளுக்குப் பதில் தெரியவில்லை. மறுபடியும் அந்தக் காணொளியைத் தேடி எடுத்துப் பார்த்தார்கள். அதன் கீழே ஒரு தூள் மருந்தின் விலை எழுதியிருந்தது. அந்தத் தாய் பின்னர் சிகிச்சை பெற்றார். இன்றும் நம்மிடையே வாழ்கிறார். ஆனால் ஏழு மாதம் முந்தியிருந்தால் அவர் பட்ட சிகிச்சை இத்தனை நீளமானதாக இருந்திராது. ஊசிப் பரிசோதனை செய்வதால் நோயாளியின் ஆயுள் குறைவதாக ஆய்வுகள் காட்டவில்லை. எந்த வகைப் புற்றுநோய், எந்த மருந்து பயன்படும் என்பதை அறிய அந்தத் துணுக்கு இன்றியமையாதது.

தூற்றும் ஐந்து கேள்விகள்

அந்த உத்தியோகத்தர் கேட்ட கேள்வியே நமக்கு முதற் கேள்வி. அத்துடன் இன்னும் நான்கைச் சேர்த்துக் கொள்வோம். கமக்காரருக்கு இவை புதியவையல்ல. விதைநெல் வாங்கும்போது நாம் கேட்பவைதான்.

1. சொன்னவர் யார்? விதை மூடையில் யார் உற்பத்தி செய்தார் என்ற சீட்டு இருக்கிறதா என்று பார்க்கிறோம். இணையப் பக்கத்திலும் எழுதியவரின் பெயர், அவருடைய தகைமை, பொறுப்பான நிறுவனம் ஆகியவற்றைத் தேடுங்கள். பெயரில்லாத செய்தி, "ஒரு பெரிய டொக்டர் சொன்னார்" என்று தொடங்கும் செய்தி, சீட்டில்லாத மூடை போன்றது.

2. அவருக்கு இதில் என்ன இலாபம்? பயிரில் புழு விழுந்தால் கிருமிநாசினி விற்பவரிடம் மட்டும் கேட்டுத் தெளிப்பதில்லை. விவசாயப் போதனாசிரியரிடமும் கேட்கிறோம். அறிவுரையும் விற்பனையும் ஒரே பக்கத்தில் இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

3. எப்போது எழுதியது? மருத்துவம் ஆண்டுக்காண்டு மாறுகிறது. திகதி இல்லாத பக்கத்தை அறுவடை ஆண்டு தெரியாத விதையைப் போலக் கருதுங்கள்.

4. சான்று என்ன? ஒருவர் குணமடைந்த கதை சான்று ஆகாது. ஒரு வயலில் ஒரு போகம் நன்றாக விளைந்தது என்பதற்காக எல்லா மண்ணுக்கும் அந்த இனம் பொருந்துமென்று சொல்வோமா? எத்தனை பேரில் சோதித்தனர், மருந்து பெறாதவர்களுடன் ஒப்பிட்டனரா என்று பாருங்கள். "நூற்றுக்கு நூறு குணம்", "வைத்தியர்கள் மறைக்கும் இரகசியம்" என்ற சொற்கள் வந்தாலே பக்கத்தை மூடிவிடலாம்.

5. எந்த நாட்டுக்கு எழுதியது? இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

முன்னர் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த 'ஹெல்த் ஒன் த நெற்' என்ற அமைப்பு, நல்ல மருத்துவப் பக்கங்களுக்கு ஒரு சான்று முத்திரை வழங்கி வந்தது. 2022 டிசம்பருடன் அவ்வமைப்பின் பணி நின்றுவிட்டது. ஆகவே இன்று அந்த முத்திரையை ஒரு பக்கத்தில் கண்டால், அதை மட்டும் வைத்து நம்பிவிடக் கூடாது. தூற்றும் வேலை இப்போது நம் கையில்தான்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். தமிழில் கேட்டாலும் தமிழில் பதில் தருகின்றன. கடினமான சொல்லுக்குப் பொருள் கேட்கவும், வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை ஒழுங்குபடுத்தவும் அவை உதவலாம். ஆனால் தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே உறுதியான குரலில் அவை சொல்கின்றன. ஆகவே அவை தரும் மருத்துவப் பதிலைக் கீழே சொல்லும் இடங்களில் ஒன்றிலாவது ஒத்துப் பாருங்கள். அவற்றின் சொல்லை நம்பி மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

எங்கே தேடலாம்?

நம் நாட்டில் முதலில் பார்க்க வேண்டியது சுகாதார அமைச்சின் தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் இணையத்தளம். எந்த இடத்தில் என்ன சேவை உண்டு என்பதற்கு வெளிநாட்டுப் பக்கங்கள் உதவா, இதுவே உதவும். முகவரி 'கவ் டொட் எல்கே' என முடிந்தால் அது இலங்கை அரசுக்குரியது.

வெளிநாட்டுத் தளங்களில் உலக சுகாதார நிறுவனம், அமெரிக்காவின் தேசிய புற்றுநோய் நிறுவனம், அந்நாட்டுத் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் 'மெட்லைன்பிளஸ்', பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை, 'கான்சர் ரிசேர்ச் யூகே' ஆகியவை நம்பத்தகுந்தவை. மார்பகப் புற்றுநோய்க்கென்றே 2000ஆம் ஆண்டில் மரிசா வைஸ் என்ற அமெரிக்கப் பெண் வைத்தியர் தொடங்கிய 'பிரெஸ்ற்கான்சர் டொட் ஓர்க்' என்ற தளமும் உண்டு. இவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளவை. தொலைபேசியில் உள்ள மொழிபெயர்ப்பு வசதியால் ஓரளவு தமிழில் படிக்கலாம். ஆனால் மருந்தின் பெயர், அளவு, 'வேண்டும்', 'வேண்டாம்' என்ற சொற்கள் மொழிபெயர்ப்பில் பிசகிப் போவதுண்டு. உயர்தர வகுப்பில் படிக்கும் பிள்ளையையோ ஆசிரியரையோ கொண்டு மூலத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

டேற்றாவுக்குச் செலவாகும் பணமும் கவனிக்கத்தக்கதே. காணொளி பணத்தை விழுங்கும். எழுத்துப் பக்கம் அதிகம் விழுங்காது. நல்ல பக்கம் ஒன்று கிடைத்தால் அதைப் படமாகச் சேமித்து வைத்துக்கொண்டால் மீண்டும் மீண்டும் செலவில்லை.

நல்ல இடங்களே வேறுபட்டால்?

இது பலரைக் குழப்பும் விடயம். மமோகிராம் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க அரசின் ஆலோசனைக் குழு 2024இல் வெளியிட்ட பரிந்துரையில், 40 வயதிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்கிறது. பிரித்தானியாவில் 50 வயதிலிருந்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அழைக்கிறார்கள். இலங்கையில் எல்லாப் பெண்களையும் அழைத்து மமோகிராம் எடுக்கும் திட்டம் கிடையாது. இங்கே வைத்தியரோ தாதியோ கையால் பரிசோதிப்பதும், பெண்கள் தமது மார்பைத் தாமே அறிந்து வைத்திருப்பதுமே முக்கியமாக வலியுறுத்தப்படுகின்றன.

சுயபரிசோதனையிலும் இவ்வாறே. சீனாவின் சங்காய் நகரில் ஏறத்தாழ 2 இலட்சத்து 66 ஆயிரம் ஆலைத் தொழிலாளப் பெண்களைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. சுயபரிசோதனை முறையைக் கற்பித்ததனால் இறப்புகள் குறையவில்லை என்று அது காட்டியது. அதன் பின் பல மேலைநாட்டுப் பக்கங்கள் மாதாந்தச் சுயபரிசோதனையை வற்புறுத்துவதில்லை. நமது சுகாதார அமைச்சோ அதைத் தொடர்ந்து ஊக்குவிக்கிறது. யார் சொல்வது பிழை? ஒருவருமல்லர். ஆண்டுதோறும் மமோகிராம் எடுக்க வசதியுள்ள இடத்துக்கும், கட்டி பெரிதான பின்னரே வைத்தியரைக் காணும் இடத்துக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது. குளத்துப் பாய்ச்சல் உள்ள வயலுக்கும் மானாவாரி நிலத்துக்கும் ஒரே நடுகைக் காலம் சொல்வதில்லையே.

மமோகிராமோ சுயபரிசோதனையோ, இரண்டும் அறிகுறி இல்லாதவர்களைப் பற்றிய பேச்சு. கட்டி தெரிந்த ஒருவர், "எனக்கு இன்னும் 40 ஆகவில்லை" என்று காத்திருக்கக் கூடாது. அறிகுறி தெரிந்தால் வயதுக் கணக்கு இல்லை. முதலில் வைத்தியரைக் கண்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் எதுவென்று நிர்ணயிக்கப்பட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் தொடங்கிய முயற்சியின் இலக்குகளில் ஒன்று.

அறிக்கையில் உள்ள சொற்கள்

வைத்தியசாலை தரும் கடதாசியில் உள்ள சொற்களைத் தேடும்போது வீணான பயம் வருவதுண்டு. சிலவற்றை இங்கே தருகிறேன்.

'பினைன்' என்றால் புற்றுநோய் அல்ல. 'மலிக்னன்ற்' அல்லது 'கார்சினோமா' என்றால் புற்றுநோய்.

'கிறேட்' என்பதும் 'ஸ்ரேஜ்' என்பதும் ஒன்றல்ல. கலங்களின் தோற்றம் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை 1 முதல் 3 வரை கிறேட் காட்டும். நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை ஸ்ரேஜ் காட்டும். 'கிறேட் 3' என்று கண்டு, "மூன்றாம் கட்டம், இனி ஒன்றும் செய்ய ஏலாது" என்று அழுதவர்கள் உண்டு. அது பிழையான வாசிப்பு.

'ஈஆர்', 'பீஆர்' என்பவை ஹோர்மோனுடன் தொடர்புடையவை. இவை 'பொசிற்றிவ்' என்று இருந்தால் ரமொக்சிபென் போன்ற மாத்திரைகள் பயன்தரும் என்று பொருள். பெரும்பாலும் ஐந்து முதல் பத்து ஆண்டு வரை எடுக்க வேண்டியவை அவை. நோய் திரும்பி வரும் ஆபத்தை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைக்க வல்லவை. உடம்பு சுகமாகிவிட்டதென்று நடுவில் நிறுத்துவதுதான் நாம் செய்யும் பிழை. இடம் மாறிக் குடியேறும்போது மருந்துச் சீட்டையும் கிளினிக் கொப்பியையும் உறுதிப்பத்திரம் போலக் கொண்டு செல்லுங்கள்.

'ஹெர்2 பொசிற்றிவ்' என்றால் அதற்கென்றே தனி மருந்து உண்டு. அதன் பெயர் ரஸ்ருசுமாப். உலக சுகாதார நிறுவனம் 2015இல் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

இணையத்தில் ஆதரவு

தகவல் வேறு, ஆதரவு வேறு. முடி கொட்டிய தலையோடு வீட்டுக்குள் இருக்கும் பெண்ணுக்குத் தேவைப்படுவது இன்னொரு கட்டுரையல்ல, அதே வழியால் நடந்து வந்த இன்னொரு பெண்ணின் குரல். தொலைவில் இருந்தாலும் அக்குரலை இணையம் கொண்டு வந்து சேர்க்கக் கூடும். வைத்தியசாலையில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களுடன் வட்ஸ்அப்பில் பேசிக்கொள்வதும் இவ்வகை ஆதரவே.

அதன் பயன் எவ்வளவு என்பதை அளவாகவே சொல்ல வேண்டும். 1989இல் டேவிட் ஸ்பீகல் என்ற அமெரிக்க வைத்தியர், நோய் பரவிய 86 பெண்களில் செய்த ஆய்வில், குழுவாகக் கூடிப் பேசியவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாகக் கண்டார். உலகமே வியந்தது. ஆனால் கனடாவில் நடத்தப்பட்டு 2001இல் வெளியான பெரிய ஆய்வில் ஆயுள் நீடிக்கவில்லை. எனினும் மனத்துயரும் நோவும் குறைந்தன. ஆகவே கூடிப் பேசுதல் மருந்துக்குப் பதிலாகாது. மருந்தைத் தாங்கிக்கொள்ளும் பலத்தை அது தரும். அதுவும் சிறிய காரியமல்ல.

இங்கேயும் சில காவல்கள் தேவை. உங்கள் பெயர், ஊர், அடையாள அட்டை எண், உடலின் படம், அறிக்கையின் படம் ஆகியவற்றை முன்பின் தெரியாதவர் உள்ள குழுவில் இடாதீர்கள். ஒருவர் தனியாகத் தொடர்புகொண்டு மருந்து விற்க முற்பட்டால் விலகுங்கள். நோயாளியின் படத்தைப் போட்டு வங்கிக் கணக்குக்குப் பணம் கேட்கும் செய்திகளைத் தெரியாமல் மற்றவருக்கு அனுப்பாதீர்கள். இன்னொருவருக்குப் பொருந்திய மருந்து உங்களுக்கும் பொருந்தும் என எண்ணாதீர்கள். கேட்டதைக் குறித்துக்கொண்டு போய் உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.

திரையிலிருந்து வைத்தியசாலை வரை

எவ்வளவு நல்ல தகவலும் நம்மை ஒரு வைத்தியர் முன் கொண்டுபோய் நிறுத்தாவிட்டால் பயனில்லை. 1996 முதல் நம் நாட்டில் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெற்று வருகின்றன. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் இயங்கும் இவற்றில் 35 வயதும் 45 வயதும் அடைந்த பெண்களை முக்கியமாகக் கருதி, மார்பகப் பரிசோதனையும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையும் இலவசமாகச் செய்கிறார்கள். நடைபெறும் நாளைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டறியலாம். நீங்கள் அந்தப் பகுதியில் புதிதாகக் குடியேறியவர்களாயின், நீங்களாகவே போய் அவரிடம் பெயரைப் பதியுங்கள்.

சிகிச்சைக்கு மகரகமவில் உள்ள அபேக்ஷா வைத்தியசாலை நாட்டின் தலைமை இடம். வடக்கில் தெல்லிப்பழை வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. 2011இல் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடமுனையான பருத்தித்துறை வரை 27 நாட்கள் நடந்து சேர்த்த நிதி அதன் கட்டடத்துக்கு உதவியது. நாடெங்குமிருந்து எல்லா இனத்தவரும் அந்த நடையில் பங்குகொண்டனர். கிழக்கில் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலும் புற்றுநோய்ப் பிரிவு இயங்குகிறது. அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. எனினும் பஸ் செலவும் வேலை போகும் நாட்களும் ஏழைக் குடும்பத்துக்குப் பாரமே. புற்றுநோயாளருக்கான சமூகசேவை உதவிப்பணம் பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். கிளினிக் கொப்பியின் பிரதியைக் கொண்டு செல்லுங்கள்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவியோ தாயோ வாய் திறந்து சொல்லும்போது, "பிறகு பாப்பம்" என்று சொல்லாதீர்கள். அடுப்பையும் பிள்ளைகளையும் ஒரு நாளைக்கு நீங்கள் பொறுப்பெடுங்கள். முதல் நாள் கிளினிக்குக்கு உடன் செல்லுங்கள். ஒரு பெண் தாமதிப்பதற்கு அறியாமையைப் போலவே வீட்டுவேலையும் காரணமாகிறது.

கிராமத்தில் நாம் சேர்ந்து செய்யக் கூடியவையும் உண்டு. மாதர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் குடும்பநல உத்தியோகத்தரை அழைத்து ஒரு மணி நேரம் பேசவைக்கலாம். சனசமூக நிலையத்தில், நம்பத்தகுந்த இணையத்தளங்களின் பெயர்களையும் கிளினிக் நடைபெறும் நாளையும் பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிடலாம். தொலைபேசி கையாளத் தெரிந்த இரண்டு யுவதிகள், மற்றவர்களுக்கு வரும் மருத்துவச் செய்திகளை அந்த ஐந்து கேள்விகளால் பரிசோதித்துச் சொல்லப் பழகலாம். கேட்ட இரகசியத்தைக் காப்பவர்களாக அவர்கள் இருக்க வேண்டும் என்பது முக்கியம்.

இறுதியாக, வைத்தியரிடம் போகும்போது ஒரு துண்டுக் கடதாசியில் இந்தக் கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்: எனக்கு இருப்பது என்ன? இன்னும் என்ன பரிசோதனை தேவை? என்ன சிகிச்சை, எவ்வளவு காலம்? எந்த அறிகுறி தோன்றினால் உடனே வர வேண்டும்? அடுத்த திகதி எது? இணையத்தில் எத்தனை நாள் தேடினாலும் உங்களைப் பற்றிய இந்த ஐந்துக்கும் பதில் கிடைக்காது. உங்களைத் தொட்டுப் பார்த்தவரிடமே அது கிடைக்கும். கட்டி தெரிந்திருந்தால், இந்த இதழை மடித்து வைத்துவிட்டு, அடுத்த கிளினிக் என்றைக்கு என்று இன்றே விசாரியுங்கள்.